உயிர் காத்த உப்பு நீர்

நோயாளியின் கை நாளத்தில் ஊசியொன்றைப் பொருத்தி, மேலே தொங்கும் பையிலிருந்து துளித்துளியாக நீர் இறக்கும் காட்சியைக் காணாதார் இன்று நம்மிடையே அரியர். இதனை நம் மக்கள் ‘தண்ணீர் ஏற்றுதல்’ என்பர்; ‘டிரிப்’ என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் ஆகுக. இதனைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணங்கள் இரண்டு. தண்ணீர் ஏற்றத் தொடங்கிவிட்டால் ஆள் பிழைக்கமாட்டான் என்று அஞ்சுவது ஒன்று. அலுப்போ, சளியோ, தலைவலியோ, எதுவாயினும் ஒரு பை ஏற்றிக்கொண்டால் தெம்பு வந்துவிடும் என்று நம்புவது மற்றொன்று. முன்னவர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய வேளையில் செல்லாது உயிரிழக்கின்றனர். பின்னவரோ மாத்திரையும் புத்திமதியும் கூறி அனுப்பும் வைத்தியரை ஒன்றும் அறியாதவர் என்று இகழ்ந்து, கேட்டவுடன் ஊசி போடுவாரைத் தேடிப் பணத்தைக் கொட்டுகின்றனர். அச்சமும் மயக்கமுமாகிய இவ்விரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். அத்தாயின் பெயர் அறியாமை.

அப்பையினுள் இருப்பது யாது? பெரும்பாலும் நீரும் உப்புமே. சில வேளைகளில் சிறிது சர்க்கரையும் கலந்திருக்கும். நம் வீட்டு அடுப்பங்கரையில் இல்லாத பொருள் அதில் அதிகமில்லை. அவ்வாறாயின் அஃது உயிரை மீட்பது எங்ஙனம்? சில வேளைகளில் உயிரைப் பறிப்பதும் எங்ஙனம்? இவற்றிற்கு விடை கூறுவது அதன் சரித்திரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய அச்சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வாந்திபேதியின் வருகை

1817-ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெசூர் பகுதியில் வாந்திபேதி எனும் காலரா பெருங்கொள்ளை நோயாக எழுந்தது. அதற்குமுன் கங்கைக் கரைப் பகுதிகளோடு நின்ற நோய், வணிகக் கப்பல்களோடும் படைகளோடும் புறப்பட்டு உலகை வலம் வரத் தொடங்கிற்று. இந்நாடும் அதற்குத் தப்பவில்லை. சிங்கப்பூரில் 1873-இல் பரவிய காலராவுக்குப் பின்னரே 1874-இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தொற்றுத்தடை முகாம் திறக்கப்பட்டது. கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் இந்நாட்டு மண்ணை மிதிக்குமுன் அத்தீவிலோ, பினாங்கையடுத்த புலாவ் ஜெரஜாக்கிலோ தடுத்து வைக்கப்பட்டதற்கு இந்நோயைப் பற்றிய அச்சமும் ஒரு காரணமாகும். ஆதலின் இந்நோயின் கதை நமக்கு அயலார் கதையன்று.

ஆயினும் அதற்குரிய மருந்தின் கதை தொடங்கியது இங்கிலாந்தில். 1831-ஆம் ஆண்டு அக்டோபரில் சண்டர்லாண்டு துறைமுகத்தில் காலரா இறங்கிற்று. காலையில் நலமாயிருந்தவன் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, உடல் நீலம் பாரித்துப் பிணமானான். கொள்ளை நோயைத் தெய்வத்தின் சினம் என்று கருதுவோர் நம் நாட்டில் மட்டுமே உண்டென எண்ணற்க. 1832-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், காலரா நீங்கும்பொருட்டு நாடு முழுதும் உண்ணாநோன்பிருந்து பிரார்த்திக்க வேண்டுமென அந்நாட்டு அரசாங்கமே ஒரு நாளைக் குறித்தது. வைத்தியர்களோ நோயாளியின் நாளத்தைக் கீறி இரத்தத்தை வடித்தனர். உடலிலுள்ள நீரெல்லாம் பேதியாய் ஓடிவிட்டவனிடமிருந்து எஞ்சியதையும் வாங்குவது, வற்றிய கிணற்றில் ஏற்றம் போட்டு இறைப்பதற்கு ஒப்பாம். ஆயினும் அதுவே அன்றைய பெரியோர் கண்ட முறை; அதனை மறுத்துப் பேசத் துணிந்தோர் சிலரே.

இரு இளைஞர்

துணிந்தவருள் ஒருவர் வில்லியம் புரூக் ஓஷாக்னெஸி. அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வைத்தியம் கற்ற இவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு இருக்கலாம். இவர் சண்டர்லாண்டுக்கு நேரில் சென்று, காலராவால் வருந்துவோரின் இரத்தத்தை எடுத்து இரசாயன முறையில் சோதித்தார். அவ்விரத்தத்தில் நீர் பெரிதும் குறைந்துள்ளது, உப்புகளும் குறைந்துள்ளன, அவை இரண்டும் நோயாளியின் கழிவில் காணப்படுகின்றன என்பவற்றை அவர் கண்டார். 1831 டிசம்பர் இறுதியில் ‘லான்செட்’ எனும் வைத்தியப் பத்திரிகையில் இதனை வெளியிட்டு, போன நீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதே வழியென்றும், வாய்வழி கொடுத்தல் இயலாதபோது நாளத்தின் வழியே செலுத்தலாமென்றும் கூறினார். தெய்வத்தின் சினத்தையும் நச்சுக்காற்றையும் பிறர் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் தராசையும் சோதனைக் குழாயையும் எடுத்தார் என்பதே இவர் பெருமை.

கூறியவர் இவர், செய்தவர் தாமஸ் லாட்டா. ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் வைத்தியம் பார்த்த இவர், 1832 மே மாதத்தில் எல்லா மருந்தும் பயனற்றுப்போன ஒரு மூதாட்டியைத் தேர்ந்துகொண்டார். நாடி அடங்கி, உடல் குளிர்ந்து, தாடை தொங்கிய நிலையில் அவள் கிடந்தாள். சமையல் உப்பும் சோடா உப்பும் கரைத்த வெதுவெதுப்பான நீரை அவளது கை நாளத்தில் சிறிது சிறிதாக அவர் செலுத்தினார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னர் மூச்சு இலகுவாயிற்று, குழிந்த கண்களில் ஒளி வந்தது, மறைந்த நாடி திரும்பிற்று, கைகால்கள் சூடேறின. அரைமணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது ஏறத்தாழ மூன்று லிட்டர், நீர் உட்சென்றது. அம்மூதாட்டி வேடிக்கையாகப் பேசி, சிறிது உறங்கினால் போதுமென்றாள். லாட்டா மகிழ்ந்து, அவளை வைத்தியசாலையிலிருந்த வேறொருவர் பொறுப்பில் விட்டுச் சென்றார்.

சிறிது நேரத்தில் வாந்தியும் பேதியும் மீண்டும் தொடங்கின. புதிதாகக் கொடுத்த நீரெல்லாம் வெளியேறிற்று. மறுமுறை நீர் செலுத்துவார் அங்கில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அவள் இறந்தாள். மறுபடியும் செலுத்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பதே லாட்டாவின் துணிபு. அவர் தம் தவற்றை மறைக்கவில்லை. நடந்ததை நடந்தவாறே சுகாதார மன்றத்திற்கு எழுதினார். அக்கடிதம் ஜூன் மாதத்தில் லான்செட்டில் வெளிவந்தது. பின்னர் அவராலும் அவரைப் பின்பற்றிய சிலராலும் நீர் செலுத்தப்பெற்றவருள் ஒரு பகுதியினர் உயிர் பிழைத்தனர்.

கைவிடப்பட்ட காரணம்

இவ்வளவு சிறந்த முறை உடனே உலகெங்கும் பரவியிருக்க வேண்டுமன்றோ? அவ்வாறு நிகழவில்லை. 1833-இல் லாட்டா காலமானார். கொள்ளை நோயும் அடங்கிற்று. முறையும் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் ஓஷாக்னெஸி இந்தியாவுக்குச் சென்று, பின்னர்க் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் இரசாயன ஆசிரியரானார். பிற்காலத்தில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியதற்காகவே உலகம் அவரைப் பெரிதும் அறிந்தது.

கைவிட்டதற்குப் பழைமைப் பற்று ஒரு காரணம் என்பது மெய்யே. ஆனால் அதனையே முழுக் காரணமாகக் கூறிப் பழைமையாளரைப் பழிப்பதோடு நின்றுவிடுதல் நேர்மையன்று. அம்முறையிலேயே குறைகள் இருந்தன. சாகும் தறுவாயிலிருந்தவர்க்கே அது கொடுக்கப்பட்டது. ஒருமுறை கொடுத்து நிறுத்தினர். போகப்போக ஈடுசெய்ய வேண்டும் என்பதைப் பலர் உணரவில்லை. கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று இல்லையாதலின் நீரும் கருவியும் தூய்மை செய்யப்படவில்லை. லாட்டாவின் நீரில் உப்பின் அளவும் இரத்தத்திற்கு ஏற்ற அளவினும் மிகக் குறைவு. இக்குறைகள் ஒவ்வொன்றும் நீங்குவதற்குத் தனித்தனியே ஓர் அறிவு தேவைப்பட்டது.

அளவைக் கற்ற காலம்

உலர்ந்த திராட்சையை வெறும் நீரில் இட்டால் ஊதிப் பருக்கிறது. நெல்லிக்காயை உப்பில் இட்டால் சுருங்குகிறது. இரத்தத்திலுள்ள நுண்ணிய சிவப்பணுக்களின் தன்மையும் இத்தகையதே. வெறும் நீரை நாளத்தில் செலுத்தினால் அவை ஊதி வெடிக்கும். உப்பு மிகுந்த நீரில் அவை சுருங்கும். நெதர்லாந்தின் ஹம்பர்கர் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வணுக்களை ஆராய்ந்து, நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு உப்புள்ள நீரே மனித இரத்தத்தோடு ஒத்துநிற்பது என்று காட்டினார். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. இன்று வைத்தியசாலைகளில் தொங்கும் பைகளுட் பலவற்றின் மேல் இவ்வெண்ணைக் காணலாம்.

இலண்டனில் சிட்னி ரிங்கர் என்பார் தவளையின் இருதயத்தை உப்பு நீரில் வைத்து, அது நெடுநேரம் துடிப்பதைக் கண்டார். பின்னர், அந்நீரை ஆக்கிய உதவியாளர் வாலைவடி நீருக்குப் பதிலாகக் குழாய் நீரைப் பயன்படுத்தினார் என்பது தெரியவந்தது. தூய வாலைவடி நீரில் செய்தபோது துடிப்பு விரைவில் நின்றது. வேறொருவராயின் உதவியாளரைக் கடிந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ரிங்கர், குழாய் நீரில் இருந்தது யாதென ஆராய்ந்து, சுண்ணாம்பு உப்பின் இன்றியமையாமையை 1883-இல் வெளியிட்டார். பொட்டாசியம் எனும் உப்பும் சிறிதளவு வேண்டுமென அவர் கண்டார். 1930-களில் அமெரிக்க வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அக்கலவையோடு லாக்டேட் எனும் பொருளைச் சேர்த்தார். இவ்விருவர் பெயர்களையும் தாங்கிய நீர்களே இன்றும் அறுவைக் கூடங்களில் பயன்படுகின்றன.

ஓஷாக்னெஸி ஆசிரியராயிருந்த அதே கல்கத்தா வைத்தியக் கல்லூரியில், எழுபது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின், லியோனார்டு ரோஜர்ஸ் என்பார் மறக்கப்பட்ட முறையை மீண்டும் கையிலெடுத்தார். நோயாளியின் இரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ப உப்பு நீரின் அளவைத் தீர்மானித்தார். ஒருமுறையோடு நில்லாது வேண்டும்போதெல்லாம் கொடுத்தார். அங்குக் காலராவால் நூற்றுக்கு அறுபதின்மர் வரை மாண்டிருந்த நிலை மாறி, மாள்வோர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. லீத் நகரத்து மூதாட்டிக்குக் கிடைக்காத இரண்டாம் முறை நீர் வங்கத்து ஏழைகளுக்குக் கிடைத்தது.

தூய்மையைக் கற்ற காலம்

எஞ்சியது ஒரு புதிர். நன்கு கொதிக்க வைத்த நீரைச் செலுத்தியபோதும் சிலர்க்குக் கடுங்குளிரும் காய்ச்சலும் கண்டன. உப்பின் குற்றம் என்றனர் சிலர். நோயாளியின் உடல்வாகு என்றனர் சிலர். 1923-இல் அமெரிக்காவில் புளோரன்ஸ் சைபர்ட் எனும் பெண்மணி இப்புதிரை அவிழ்த்தார். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதத்தால் கால் ஊனமுற்றவர் இவர். வாலைவடி நீரில் கிருமிகள் வளர்கின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் அது விட்டுச்சென்ற நஞ்சு சாகாது. மீண்டும் வடிக்கும்போதும் ஆவியோடு தெறிக்கும் நுண்துளிகள் வழியே அந்நஞ்சு கடந்து வருகிறது. இதனைக் கண்ட அவர், அத்துளிகளைத் தடுக்கும் அமைப்பொன்றை வாலையில் பொருத்தினார், காய்ச்சல் நின்றது. 1930-களில் ஆலைகளில் தூய்மையாக அடைத்த போத்தல்கள் விற்பனைக்கு வந்தன. 1950-இல் அமெரிக்காவில் நெகிழும் பிளாஸ்டிக் குழல் பொருந்திய ஊசி ஆக்கப்பட்டதால், இரும்பூசி நாளத்தைக் குத்திக் கிழிக்கும் தொல்லையும் குறையலாயிற்று.

ஆலையில் அடைத்தது என்பதாலேயே எல்லாம் முடிந்ததா? இல்லை. 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியசாலைகள் பலவற்றில் நோயாளிகளின் இரத்தத்தில் கிருமி பரவிற்று. ஆராய்ந்தபோது, போத்தல் மூடியின் உட்புறத்தில் கிருமி குடியிருந்தமை வெளிப்பட்டது. 1972-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரைச் சேர்ந்த டெவன்போர்ட்டில் ஐவர் மரணத்தோடு மாசுற்ற நீர் தொடர்புபடுத்தப்பட்டது. நீராவிக் கலத்தினுள் காற்று தங்கிவிட்டமையால், ஒரு தொகுதிப் போத்தல்களில் ஒரு பகுதி போதிய சூட்டைப் பெறவில்லை. ஆயினும் அவை தூய்மையானவை என்ற முத்திரையோடு வெளிச்சென்றன. முத்திரையை நம்பினர், சோதனையை மறந்தனர். பகுத்தறிவு என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று; நாள்தோறும் செய்யவேண்டிய தொழில் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

மிகுந்தால் நஞ்சு

நாளத்தில் செல்லும் நீருக்கு நாக்கின் காவலும் இல்லை. வயிற்றின் காவலும் இல்லை. வாயால் வேண்டாததைக் குடித்தால் வாந்தியாக வெளிவரலாம். நாளத்தில் புகுந்ததோ நேரே இருதயம் செல்லும். மிகுதியான நீர் நுரையீரலில் தேங்கி மூச்சை முட்டச் செய்யும். இருதய நோயும் சிறுநீரக நோயும் உடையார்க்கு இவ்வபாயம் மிகப் பெரிது. சிறிதளவில் உயிர் காக்கும் பொட்டாசியம் உப்பு, கரைத்துக் குறைக்கப்படாமல் விரைந்து சென்றால் இருதயத்தையே நிறுத்திவிடும். அதன் செறிந்த மருந்தைச் சாதாரண உப்பு நீரென்று மயங்கி ஏற்றியதால் உயிர்கள் மாண்டதுண்டு. ஆதலின் அதனை நோயாளிப் பகுதிகளில் வைக்காது தனியே காத்துவைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வற்புறுத்திற்று. இந்நாட்டில் அடிக்கடி காணும் டெங்கிக் காய்ச்சலிலும் இதே நிலைதான். நீர் குறைந்தால் நாடி அடங்கும். மிகுந்தால் நுரையீரல் நிரம்பும். எனவேதான் வைத்தியர் மீண்டும் மீண்டும் இரத்தத்தைச் சோதித்து அளவை மாற்றுகின்றனர். ‘எத்தனை முறை இரத்தம் எடுப்பார்கள்?’ என்று சலித்துக்கொள்ளும் உறவினர் இதனை அறிதல் நலம்.

கற்றவரும் இதில் ஏமாந்ததுண்டு. கடுங்காய்ச்சலால் இரத்தவோட்டம் தளர்ந்த குழந்தைகட்கு விரைந்து மிகுதியாக நீர் ஏற்றுதலே நன்றென வைத்திய உலகம் நெடுநாள் நம்பிற்று. 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அத்தகைய குழந்தைகளிடம் இந்நம்பிக்கை சோதிக்கப்பட்டது. அவ்வாறு விரைந்து ஏற்றப்படாத குழந்தைகளில் இரண்டு நாளைக்குள் இறந்தோர் நூற்றுக்கு 7.3, ஏற்றப்பட்டோரில் இறந்தோர் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். நல்லதென எல்லாரும் நம்பியதையும் எண்ணிப் பார்க்கத் துணிந்ததால் இவ்வுண்மை வெளிவந்தது.

வாயே முதல் வழி

இச்சரித்திரத்தின் உச்சம் மீண்டும் வங்கத்திலேயே நிகழ்ந்தது. 1971-இல் வங்கதேசப் போரினின்றும் தப்பிய அகதிகள் மேற்கு வங்கத்தில் குவிந்தனர். பான்கான் முகாமில் காலரா பரவி, வாந்தியும் பேதியும் நிறைந்த தரையில் நோயாளிகள் கிடந்தனர். நாளத்தில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பார், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற அளவில் கலந்து, அதனைக் குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். தாயும் தந்தையும் உடன்பிறந்தாருமே செவிலியராயினர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு 3.6 ஆகக் குறைந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. காலராவினால் குடல் உப்பை வாங்கும் சக்தியை இழந்ததுபோல் தோன்றினும், சர்க்கரை உடன்செல்லும்போது உப்பும் குடலினுள் ஏற்கப்படுகிறது. உப்பின் பின்னே நீரும் செல்கிறது. இதனை ஆய்வுக்கூடத்தார் கண்டிருந்தனர். 1968-இல் டாக்காவில் நோயாளிகளிடமும் சோதித்திருந்தனர். வீட்டு மக்களின் கையிலேயே அம்மருந்தை ஒப்படைக்கலாம் என்று துணிந்து காட்டியது பான்கான். நாடி அடங்கியவர்க்கும் குடிக்க இயலாதவர்க்கும் ஊசியே வழி. ஏனையோர்க்குக் குவளையே போதும்.

ஆதலின் நம்மவர் செய்யத்தக்கன சில உள. வீட்டில் பேதி கண்டால், கடையிலும் கிளினிக்கிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். அது கிடையாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பைக் கண்ணளவாக அள்ளிப் போடாதீர்கள். நோயாளி சோர்ந்து மயங்கினாலும், சிறுநீர் நின்றாலும், குடித்ததெல்லாம் வாந்தியானாலும் தாமதியாது வைத்தியசாலை செல்லுங்கள்; அங்கு நீர் ஏற்றப்படுவது கண்டு அஞ்சாதீர்கள். ஏற்றும்போது கையில் வீக்கமோ சிவப்போ வலியோ கண்டாலும், குளிர்க்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ தோன்றினாலும் உடனே செவிலியரை அழையுங்கள். இருதய நோயோ சிறுநீரக நோயோ இருப்பின் முன்னரே கூறுங்கள். மெதுவாகச் சொட்டுகிறதே என்று நீங்களாகக் குழாயின் திருகைத் திருப்பாதீர்கள். வெறும் அலுப்புக்கு ஒரு பை நீர் வேண்டுமென வைத்தியரை வற்புறுத்தாதீர்கள். இரண்டு குவளை நீர் பருகி உறங்கினால் தீர்வதற்காக நாளத்தில் துளையிடுதல் அறிவுடைமை ஆகாது.

மந்திரத் தண்ணீரை நம்பிய காலம் ஒன்று நமக்கு இருந்தது. அதனை விட்டுவிட்டோம் என்று பெருமை கொள்ளும் நாம், பையில் தொங்கும் நீரை மந்திரத் தண்ணீராக்கி வணங்குவோமாயின் முன்னேறியது எங்கே? அந்நீரில் உயிரைக் காப்பது உப்பு மட்டுமன்று. இவ்வளவு வேண்டும், இவ்வளவுக்குமேல் வேண்டா என்று கண்ட அளவும், தூய்மையும், அருகிலிருந்து நோக்கும் விழிப்புமே அதனை மருந்தாக்கின. லீத் நகரத்து மூதாட்டி இறந்தது உப்பு நீர் இல்லாமையாலன்று. அருகிலிருந்து பார்த்து மறுபடியும் கொடுப்பார் இல்லாமையால். நம் வீட்டு நோயாளிக்கு அக்குறை நேராமற் காப்பது நம் கடமையாகும்.